பர்ட் மன்றோ

இக்கட்டுரை நியூசிலாந்து உந்துருளி வீரரைப் பற்றியது. சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரைப் பற்றி அறிய தாமஸ் மன்றோ கட்டுரையைப் பார்க்கவும்.

ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ என்னும் முழுப்பெயர் கொண்ட பர்ட் மன்றோ (மார்ச் 25, 1899 - சனவரி 6, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த உந்துருளி ஓட்ட வீரரும் இயந்திர வல்லுநரும் ஆவார். 1920ஆம் ஆண்டில் தாம் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வகை உந்துருளியை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தம் கையாலேயே பழுதுபார்த்தும் திருத்தியும் வந்த இவர், 1967ஆம் ஆண்டு ஆகத்து 26 அன்று, தமது 68ஆம் அகவையில், 47 ஆண்டு பழமையான அவ்வண்டியைக் கொண்டே 1000 கன செ.மீ.க்குக் குறைந்த வகுப்பில் உலக விரைவுச் சாதனை படைத்தார். வாங்கக் கிடைக்காத உதிரிப்பாகங்களைத் தாமே வார்த்தும் செதுக்கியும் செய்துகொண்ட முறைக்காக, ஓட்ட வீரர் என்ற வகையில் மட்டுமன்றி இயந்திரவியல் ஆர்வலர்களிடையிலும் அறியப்படுகிறார்.

இந்தியன் என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். அமெரிக்கத் தொல்குடியினரைக் குறிக்கும் அப்பெயருக்கும் இந்திய நாட்டுக்கும் தொடர்பு இல்லை. இவரைப் பற்றிய திரைப்படத்தின் தலைப்பைப் பார்த்துப் பலர் இவ்விடத்தில் குழம்புவதுண்டு.

இளமை

மன்றோ நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்காகிலில் பிறந்தார். இவருடன் இரட்டையாகப் பிறந்த சகோதரி பிறப்பின்போதே இறந்தார். இன்வர்காகிலுக்குக் கிழக்கே ஈடன்டேல் என்னும் ஊரில் இருந்த குடும்பப் பண்ணையில் வளர்ந்தார். பண்ணையில் இருந்த குதிரைகளுள் மிக விரைவானதைத் தந்தையின் கண்டிப்பையும் மீறி ஓட்டுவது சிறுவயதில் இவரது வழக்கம். முதல் உலகப் போருக்குச் சென்று உலகைப் பார்க்க விரும்பினார். அகவை நிரம்பும் முன்னரே போர் முடிந்துவிட்டது. அதன்பின் தெற்குத் தீவின் மலைத்தொடரைக் குடைந்து அமைக்கப்பட்ட ஒட்டிரா தொடருந்துச் சுரங்கப் பணியில் சிறிது காலம் வேலை செய்தார். தந்தை புதிய பண்ணை வாங்கியதும் மீண்டும் ஊருக்கு அழைக்கப்பட்டார். இளமையில் பெர்ட் என எழுதப்பட்ட இவரது பெயர் பின்னாளில் பர்ட் என்று எழுதப்படலாயிற்று.

1920களில் ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உந்துருளிப் பந்தயங்களில் கலந்துகொண்டார். 1925இல் புளோரன்ஸ் பெரில் மார்ட்டினை மணந்தார். இவர்களுக்கு நான்கு மக்கள். பெரும் பொருளியல் மந்தம் தொடங்கியபோது ஊர் திரும்பி, உந்துருளி விற்பனையாளராகவும் பழுதுபார்ப்பவராகவும் வேலை பார்த்தார்.

இந்தியன் ஸ்கவுட்

இவர் வாங்கிய வண்டி ஸ்கவுட் வகையில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 627ஆவது வண்டியாகும். அயர்லாந்துப் பொறியாளர் சார்லஸ் பிராங்கிளின் வடிவமைத்த இவ்வண்டி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் உருவாக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று 42 பாகைக் கோணத்தில் சாய்ந்த இரு உருளைகள், சுமார் 600 கன செ.மீ. கொள்ளளவு, மூன்று பல்லிணை நிலைகள் ஆகியன இதன் அமைப்பு. வால்வுகள் உருளையின் தலைப்பகுதியில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தன. உயவு எண்ணெய் ஒருமுறை இயந்திரத்துக்குள் சென்றால் திரும்பத் தொட்டிக்கு வருவதில்லை. எரிந்தோ கசிந்தோ வெளியேறிவிடும். புதிய நிலையில் வண்டியின் உச்ச விரைவு மணிக்கு 55 மைல் (89 கி.மீ.) மட்டுமே. அந்நாளைய மண் சாலைகளுக்கு அது தாராளம்.

மன்றோவுக்கு அது போதவில்லை. 1926இல் வண்டியைத் திருத்தத் தொடங்கினார். அன்று முதல் இரண்டு தடைகள் அவருக்கு நிலையாக இருந்தன. ஒன்று பணமின்மை, மற்றொன்று நேரமின்மை. பகல் முழுவதும் பிறருடைய வண்டிகளை விற்றும் பழுதுபார்த்தும் வந்தவர், இரவில் தம் வண்டியைத் திருத்தினார். சில நாட்களில் உறக்கமே இன்றி மறுநாள் வேலைக்குச் சென்றார்.

மூன்றாவது தடை காலப்போக்கில் வளர்ந்தது. வண்டி அமெரிக்காவில் உருவானது. உரிமையாளரோ பூமியின் தென்கோடி நகரங்களுள் ஒன்றில் வாழ்ந்தார். 1938இன் இறுதியில் நியூசிலாந்து அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதி உரிம முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1953இல் இந்தியன் நிறுவனம் உந்துருளி உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆனால் உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைத்திருந்தாலும் மன்றோவின் சிக்கல் தீர்ந்திருக்காது என்பதே உண்மை. மணிக்கு 55 மைலுக்கென வடிவமைக்கப்பட்ட பாகத்தை மூன்று மடங்கு விரைவில் ஓடும் இயந்திரத்தில் பொருத்தினால் அது மீண்டும் உடையும். உடைந்ததைப் போன்ற ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை. உடையாத ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒன்றை எந்தத் தொழிற்சாலையும் அவ்வண்டிக்காகச் செய்திருக்கவில்லை.

பாகங்களை உருவாக்கிய முறை

பிஸ்டன் உருளைக்குள் மேலும் கீழும் செல்லும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். அவ்வாறு நிறுத்தித் திருப்புவதற்கான விசை, இயந்திரத்தின் சுழல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் கூடும். அதாவது சுழல் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இவ்விசை முழுவதையும் தாங்குவது பிஸ்டனையும் வளைவச்சுத் தண்டையும் இணைக்கும் இணைப்புத் தண்டு. அது முறிந்தால் அதன் துண்டுகள் உருளையையும் இயந்திரப் பெட்டியையும் உடைத்துக்கொண்டு வெளியேறும்; பல மாத உழைப்பு ஒரு நொடியில் பாழாகும். மன்றோவுக்கு இது பலமுறை நேர்ந்தது.

எனவே இணைப்புத் தண்டுகளைத் தாமே செய்தார். பழைய கனரக ஊர்தி அச்சுகளின் எஃகை இதற்குத் தேர்ந்தெடுத்தார். தேர்வில் ஒரு தெளிவான காரணம் உண்டு. அச்சு என்பது பல ஆண்டுகள் பெருஞ்சுமையையும் முறுக்கு விசையையும் தாங்குவதற்கெனத் தரமான கலப்பு எஃகில் செய்யப்படுவது. உயர்தர எஃகை விலைகொடுத்து வாங்க இயலாதவருக்கு, பழைய இரும்புக் குவியலில் கிடக்கும் அச்சுதான் அத்தகைய எஃகுக்கு எளிய வழி. அதிலிருந்து வேண்டிய வடிவத்தைச் செதுக்கி, அரத்தால் தேய்த்து, பின்னர் சூடேற்றிக் கடினப்படுத்திப் பதப்படுத்தினார். கடினமாக்கப்பட்ட எஃகு எளிதில் நொறுங்கும். பதப்படுத்துதல் என்பது அக்கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து வளைந்து தாங்கும் தன்மையைப் பெறுவது. ஓர் இணையைச் செய்து முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

பிஸ்டன்களையும் தாமே வார்த்தார். பழைய தகர டப்பாக்கள் அவருக்கு உருக்கவும் வார்க்கவும் பயன்பட்ட கலங்களுள் அடங்கும். உருளைகளுக்கு, கழிக்கப்பட்ட வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்த் துண்டுகளைப் பயன்படுத்தினார். இது முதற்பார்வையில் வேடிக்கையாகத் தோன்றினாலும் பொறியியல் நோக்கில் பொருத்தமானதே. வார்ப்பிரும்பில் உள்ள கரிம நுண்துகள்கள் உராய்வைக் குறைப்பதால் உருளைச் சுவருக்கு அது ஏற்ற பொருள். மேலும் குழாய் ஏற்கனவே உருளை வடிவில் இருப்பதால் கடைய வேண்டிய அளவும் குறைவு. பிளைவீல் எனப்படும் கனத்த சமன் சக்கரங்கள், எண்ணெய் ஏற்றி, கிளட்ச் ஆகியவையும் இவ்வாறே உருவாயின. இயந்திரத்தின் ஆற்றல் கூடக் கூட மூலக் கிளட்ச் வழுக்கியது. 17 தட்டுகள் கொண்ட கிளட்சைச் செய்து பொருத்தினார். ஆற்றலைக் கடத்த மூவரிசைச் சங்கிலியைப் பயன்படுத்தினார்.

இயந்திரத்தின் மூச்சோட்டம் எனத்தக்க பகுதியில் அவர் செய்த மாற்றமே எல்லாவற்றிலும் பெரியது. பக்கவாட்டு வால்வு அமைப்பில், எரிபொருளும் காற்றும் கலந்த கலவை வளைந்து நெளிந்து உருளைக்குள் செல்ல வேண்டும்; அதிக சுழல் வேகத்தில் போதிய கலவை உள்ளே சேராது. மன்றோ புதிய உருளைத் தலைகளை உருவாக்கி வால்வுகளை மேலே அமைத்தார். வால்வுகளைத் திறக்கும் கேம்கள் மூல இயந்திரத்தில் இரண்டு. அவற்றை நான்காக்கி ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்று என ஒதுக்கினார். கேமின் விளிம்பு வளைவு மிக நுட்பமாக அமைய வேண்டிய ஒன்று. வளைவு சற்றுச் செங்குத்தானால் வால்வு துள்ளிக் குதித்துப் பிஸ்டனில் மோதும். சற்றுத் தட்டையானால் ஆற்றல் குறையும். அவ்வளைவுகளை அவர் கையாலேயே செதுக்கித் தேய்த்தார்.

அளவெடுக்க அவரிடம் இருந்த கருவிகள் குறைவு. சக்கரக் கம்பி ஒன்றே நெடுங்காலம் அவருக்கு நுண்ணளவியாகப் பயன்பட்டது. எண் தெரியாவிட்டாலும் இரு பொருள்கள் சமமா, எது பெரியது என்பதை ஒரு கம்பியால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஒரே ஒரு இயந்திரத்துக்கு ஒரே ஒருவர் பாகம் செய்யும்போது ஒப்பீடே போதுமானது. பல இடங்களில் செய்யப்பட்ட பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய நிலையில்தான் எண்கள் கட்டாயமாகின்றன. ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. அளவுகள் தாளில் இல்லாமல் அவரது கையிலும் நினைவிலும் இருந்தன.

உடைந்த பாகங்களை மன்றோ எறியவில்லை. தமது கொட்டகையின் சுவர்த் தட்டு ஒன்றில் உருகிய பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் அடுக்கி வைத்து, அவற்றை விரைவின் கடவுளுக்குப் படைத்த காணிக்கைகள் என்று பெயரிட்டு எழுதி வைத்தார். வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்செய்தி அவரது பணிமுறையையும் காட்டுகிறது. கணினிக் கணக்கீடோ சோதனைக்கூடமோ இல்லாதவருக்கு, முறிவு விழுந்த இடமும் முறிவுப் பரப்பின் தன்மையுமே பாகம் எங்கே வலுவற்றிருந்தது என்பதைக் காட்டும் சான்று. அந்தத் தட்டுதான் அவரது ஆய்வுக் குறிப்பேடு எனலாம்.

கொட்டகை வாழ்க்கை

இப்பணிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மனைவியைப் பிரிந்தார். 1947இல் மணமுறிவு ஏற்பட்டது. 1940களின் இறுதியில் வேலையையும் விட்டுவிட்டு, வண்டிகளை வைத்திருந்த கொட்டகையிலேயே படுக்கையிட்டு வாழ்ந்தார். 1936ஆம் ஆண்டு வெலோசெட் உந்துருளி ஒன்றும் அவரிடம் இருந்தது. அதையும் இதே முறையில் திருத்தி வந்தார். பிற்கால எழுத்துகள் பலவும் இக்கொட்டகை வாழ்வை ஒரு தவம் போலச் சித்திரிக்கின்றன. ஒரு குடும்பம் கலைந்தபின் தொடங்கிய வாழ்வு அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவரது சோதனைக் களம், இன்வர்காகிலுக்கு மேற்கே உள்ள ஒரெட்டி கடற்கரை. கடல் வற்றும் வேளையில் இறுகிய மணற்பரப்பு நீண்ட தடமாக அமையும். 1938இல் முதல் நியூசிலாந்து விரைவுச் சாதனையை ஏற்படுத்திய மன்றோ, பின்னர் மேலும் ஏழு நாட்டுச் சாதனைகளைப் படைத்தார். பலமுறை கீழே விழுந்து காயமடைந்தார். 1950களின் பிற்பகுதியில் இதயவலி நோயும் அவரைப் பற்றிக்கொண்டது.

பொன்வில் பயணங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பொன்வில் உப்புச் சமவெளி, பழங்கால ஏரி வற்றியதால் உண்டான சமதளம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. வண்டியைத் தடுக்கும் காற்றெதிர்ப்பு குறையும், அதேவேளை இயந்திரத்துக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறையும். கடல் மட்டத்துக் கடற்கரையில் சரிப்படுத்திய இயந்திரத்தை அங்கே மீண்டும் சரிப்படுத்த வேண்டும். சாதனை ஏற்கப்பட வேண்டுமாயின், எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி அவற்றின் சராசரி கணக்கிடப்படும். ஆகவே இயந்திரம் ஒருமுறை உச்ச விரைவை எட்டினால் மட்டும் போதாது. உடையாமல் மறுமுறையும் ஓட வேண்டும். தம் கையால் செய்த பாகங்களை நம்பி வந்தவருக்கு இவ்விதிதான் கடுமையான தேர்வு.

1962இல், 63ஆம் அகவையில், மன்றோ தம் வண்டியுடன் கடல் கடந்து அங்கே சென்றார். நடைமுறைப்படி முன்பதிவு செய்திருக்கவில்லை. 1948இல் அதே சமவெளியில் வின்சென்ட் உந்துருளியில் மணிக்கு 150 மைலைக் கடந்து புகழ்பெற்ற ரோலி ப்ரீ என்னும் வீரர் இவருக்குத் துணை நின்று, ஓட வாய்ப்புக் கிடைக்க உதவினார். 850 கன செ.மீ. அளவுக்குப் பெரிதாக்கப்பட்ட இயந்திரத்துடன் மன்றோ மணிக்கு 178.95 மைல் (288 கி.மீ.) விரைவில் தம் வகுப்பில் உலகச் சாதனை படைத்தார்.

காற்றெதிர்ப்பைக் குறைக்க வண்டியை முழுவதும் மூடும் கூடு ஒன்றையும் தாமே உருவாக்கியிருந்தார். அது விரைவைக் கூட்டியது. வண்டியின் நிலைப்பைக் குலைத்தது. ஓர் ஓட்டத்தில் வண்டி கடுமையாக ஆடத் தொடங்கியபோது, தம் உடலைக் கூட்டுக்கு மேலே உயர்த்திக் காற்றின் தடையால் விரைவைக் குறைக்க முயன்றார். காற்று அவரது கண்ணாடியைப் பிய்த்தெறிந்தது. பார்வை மங்கிய நிலையில், தடத்தை அடையாளப்படுத்த நட்டிருந்த எஃகுக் கம்பங்களை மயிரிழையில் கடந்து, இறுதியில் வண்டியை உப்பின் மீது சாய்த்து நிறுத்தினார். சிறு காயங்களுடன் தப்பினார்.

1966இல் மணிக்கு 168.07 மைல் விரைவில் மற்றொரு சாதனை பதிவாயிற்று. 1967இல் இயந்திரத்தின் கொள்ளளவு 950 கன செ.மீ. ஆகியிருந்தது. அவ்வாண்டு தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் மணிக்கு 190.07 மைல் (305.9 கி.மீ.) எட்டினார். ஆகத்து 26 அன்று இருதிசைச் சராசரி மணிக்கு 183.59 மைல் எனப் பதிவு செய்யப்பட்டு உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது. தொழிற்சாலை அளித்த விரைவைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். அந்நிலையில் வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. உடைந்தது ஒன்று மாற்றப்பட, அது தந்த ஆற்றலால் அடுத்தது உடைய, அதுவும் மாற்றப்பட என நாற்பது ஆண்டுகளில் இயந்திரம் ஏறக்குறைய முழுமையாக வேறொன்றாகியிருந்தது. அதை 1920ஆம் ஆண்டு இந்தியன் என்று அழைப்பது பொருந்துமா என்பது ஆர்வலரிடையே விருப்பமான விவாதம். மன்றோ அதனை மன்றோ ஸ்பெஷல் என்றே அழைத்தார்.

இறுதிக் காலம்

மன்றோ மொத்தம் பத்து முறை பொன்வில் சென்றார். 1977இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல் உறுப்புகளின் ஒத்திசைவு குறைந்துவிட்டதால் அரம் பிடிக்கும் பணி இனி இயலாது என்ற நிலை வந்தது. வண்டிகள் தம் சொந்த மாவட்டமான சவுத்லாந்தை விட்டு வெளியேறக்கூடாது என விரும்பி, இரண்டையும் இன்வர்காகிலைச் சேர்ந்த ஹேய்ஸ் இரும்புப்பொருள் வணிகரிடம் விற்றார். 1978 சனவரி 6 அன்று காலமானார். இன்வர்காகில் கிழக்கு இடுகாட்டில் பெற்றோருடனும் சகோதரருடனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

மறைவுக்குப் பின்

நியூசிலாந்து இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன் 1971இலேயே மன்றோவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். அவரே 2005இல் தி வேர்ல்ட்ஸ் பாஸ்டஸ்ட் இந்தியன் என்னும் திரைப்படத்தை இயக்கினார். மன்றோவாக அந்தோனி ஹாப்கின்ஸ் நடித்தார். திரைப்படம் பல ஆண்டுப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுவதால், அதில் வரும் நிகழ்ச்சி வரிசையையும் விரைவு எண்களையும் வரலாறாகக் கொள்ளலாகாது. 2006இல் அமெரிக்க உந்துருளிச் சங்கத்தின் புகழ் மன்றத்தில் மன்றோவின் பெயர் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு முதல் அவர் பெயரால் இன்வர்காகிலில் உந்துருளிப் போட்டி விழாவும் நடத்தப்பட்டு வருகிறது. மன்றோவின் ஸ்கவுட் அந்நகரின் ஹேய்ஸ் கடையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

1967ஆம் ஆண்டின் சராசரிக் கணக்கீட்டில் பிழை இருந்ததை மன்றோவின் மகன் ஜான் பின்னாளில் கண்டறிந்து தெரிவித்தார். மூலப் பதிவுகளைச் சரிபார்த்த அமெரிக்க உந்துருளிச் சங்கம், 2014இல், மன்றோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின், சாதனை விரைவை மணிக்கு 184.087 மைல் (296.26 கி.மீ.) எனத் திருத்தியது.